நத்தார் கஜு பிஸ்கட் ஏன் தோசையாகிப் போகிறது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்த கேள்வி இது. வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து, ஐசிங் சீனியில் புரட்டி எடுக்கிற பிறை வடிவப் பாதாம் பிஸ்கட் செய்திருக்கிறார். பாதாமுக்குப் பதிலாக வீட்டில் இருந்த கஜுவைப் போட்டாராம். ஓவனுக்குள் பிறையாகப் போனது தோசையாக வெளியே வந்தது. அடியில் எண்ணெய் மினுங்கியது. அடுத்த நாள் மேலே தூவிய சீனியும் கரைந்து பிசுபிசுத்துவிட்டது. "கஜு போட்டதுதான் பிழையா அக்கா? நத்தாருக்கு அயலட்டைக்குக் கொடுக்க வேண்டும். இன்னொரு முறை கஜுவை வீணாக்கப் பயமாக இருக்கிறது" என்று முடித்திருந்தார்.

கஜு மேல் பழி இல்லை, தங்கச்சி. உங்கள் கைமேலும் இல்லை. அந்தச் செய்முறையில் "அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்" என்று ஒரு வரி இருந்திருக்கும். முழுச் சிக்கலும் அங்கேதான்.

இந்தப் பிறை பிஸ்கட் வியன்னாப் பக்கத்துப் பலகாரம். அங்கே டிசம்பரில் அறை என்றால் 18, 20 பாகை செல்சியஸ். எங்களுக்கு நத்தார் காலத்திலும் பகலில் 30 பாகை. பட்டர் 32க்கும் 35க்கும் இடையில் முழுதாக உருகிவிடும். அதாவது எங்கள் குசினி மேசையில் ஒரு மணி நேரம் கிடந்த பட்டருக்கு உருக இரண்டு மூன்று பாகைதான் பாக்கி, அதை உங்கள் கைச்சூடே கொடுத்துவிடும். உருகிய பட்டர் மாவுக்குள் நிற்காது, வழிந்து வெளியே வரும். ஓவனுக்குள் வைத்ததும் மா இறுகுவதற்கு முன்பே எண்ணெய் ஓடத் தொடங்கும், அதோடு பிஸ்கட்டும் பரவும். அடியில் நீங்கள் பார்த்த மினுக்கம் அதுதான்.

ஆகவே கொழும்பில் இந்த வகைப் பிஸ்கட்டுக்குப் பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. பட்டர் கேக்குக்கு அடிப்பது சரி, அதற்குக் காற்று வேண்டும். கஜு பிஸ்கட் பொலபொலவென்று வாயில் உதிர வேண்டிய சாமான், அதற்குக் காற்று எதற்கு? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கட்டிப் பட்டரைக் கரட் சீவுகிற சீவியில் சீவி, மாவுக்குள் போட்டு, பிட்டுக்கு மா குழைக்கிற மாதிரி விரல் நுனியால் பிசிற வேண்டும். உள்ளங்கை படக்கூடாது. பிட்டு மா பதம் தெரிந்த கைக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஈரமும் உலர்வும் கலந்த சின்னச் சின்ன மணியாக வந்ததும் நிறுத்திவிடலாம்.

இனிக் கஜுவுக்கு வருவோம். பாதாமை எடுத்துவிட்டு அதே நிறையில் கஜு போட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முக்கால்வாசி சரி. 100 கிராம் பாதாமில் கொழுப்பு சுமார் 50 கிராம், கஜுவில் சுமார் 44. கொழுப்பு குறைவென்றால் கஜு பிஸ்கட் இன்னும் நன்றாக நிற்க வேண்டுமே? நிற்காது. பாதாமில் நார் 12 கிராமளவு இருக்கிறது, அது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். கஜுவில் நார் மூன்று கிராம்தான், கூடவே மாச்சத்து நிறைய. அதனால் கஜு அரைபடும்போது கெதியாகக் களியாகிவிடும், ஓவனுக்குள் கெதியாகச் சிவக்கும். இந்த இரண்டுக்கும் பரிகாரம் சின்னது: பட்டரை ஒரு பத்துக் கிராம் குறைத்து, சூட்டையும் பத்துப் பாகை இறக்கிவிட வேண்டும்.

வால்நட், பெக்கான் போட்டுச் செய்யச் சொல்லும் செய்முறைகளும் நிறைய உண்டு. பெக்கானில் 100 கிராமுக்கு 72 கிராம் கொழுப்பு, வால்நட்டில் 65. அந்தச் செய்முறையில் கஜுவைப் போட்டால் பரவுவதற்குப் பதிலாகச் சிலவேளை வறண்டுபோகும். வால்நட்டுக்கு இன்னொரு குணம், அதன் எண்ணெய் கெதியில் பழுதாகும். எங்கள் வெக்கையில் திறந்த பக்கெட் இரண்டு மூன்று கிழமையிலேயே கைக்கத் தொடங்கிவிடும். இங்கே விளைகிற கஜு இருக்க, கப்பலில் வந்து கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாத வால்நட்டுக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? கஜு என்ற சொல்லும் நத்தார் என்ற சொல்லும் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தவை. குசினியும் பாணும் அப்படித்தான். கஜு மரமே அவர்கள் பிரேசிலிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்தது. நத்தாருக்குக் கஜு என்பது ஒரே வீட்டுச் சம்பந்தம் மாதிரி.

வாங்கும்போது முழுக் கஜு வேண்டாம். அரைக்கத்தானே போகிறோம், துண்டுக் கஜு போதும், விலையும் குறைவு. ஆனால் துண்டில் காற்றுப் படும் பரப்பு அதிகம், பழசாவதும் கெதி. அதனால் ஒன்றை வாயில் போட்டுப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் ஒருமுறை அவசரத்தில் பார்க்காமல் இரண்டு கிலோ வாங்கிவந்தேன். பார்வைக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டில் ஒன்றைக் கடித்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை, கஜு இனிப்புத்தான். மென்று விழுங்கி ஒரு நிமிடம் கழித்துத்தான் அடிநாக்கில் பழைய பெயின்ட் மாதிரி ஒன்று வந்து நின்றது. கெட்ட எண்ணெயின் சுவை அப்படித்தான், பிந்தித்தான் வரும். ஆகையால் கடையில் ஒன்றைக் கடித்துவிட்டு உடனே காசைக் கொடுக்காதீர்கள். கடைக்காரரிடம் ஏலக்காய் விலை கேளுங்கள், பிளம்ஸ் விலை கேளுங்கள், அதற்குள் நாக்கு தீர்ப்புச் சொல்லிவிடும். கண்டி வீதியில் நிட்டம்புவைக்கு அப்பால் கஜுகமையில் வீதியோரத்தில் பெண்கள் விற்கும் கஜுவையும் இப்படித்தான் பார்த்து வாங்குவேன். அங்கே நல்லதும் கிடைக்கும், முன்னால் வைத்திருப்பது ஒன்றும் பக்கெட்டில் கட்டித் தருவது ஒன்றுமாக இருப்பதும் உண்டு.

வாங்கியதை வறுக்க வேண்டும். பச்சையாக அரைத்துப் போட்டால் பிஸ்கட்டில் கஜு இருப்பதே தெரியாது, மா ருசிதான் முன்னால் நிற்கும். ஓவனை 160 பாகையில் வைத்து எட்டுப் பத்து நிமிடம், இடையில் ஒருமுறை கிளறிவிட்டு, இலேசாக நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். தட்டிலேயே விட்டால் தட்டின் சூட்டில் இன்னும் சிவக்கும், வேறு தட்டில் கொட்டுங்கள். பிறகு ஆற வேண்டும். ஆறுவதென்றால் கைக்குச் சூடு தெரியாமல் போவதல்ல, நன்றாக ஆறி, மூடி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்து குளிர வேண்டும். சூடான கஜுவைக் கிரைண்டரில் போட்டால் இருபது விநாடியில் கஜு பட்டர் கிடைக்கும். பாணில் பூசிச் சாப்பிட நல்லது, பிஸ்கட்டுக்கு ஆகாது. குளிர்ந்த கஜுவோடு, அளந்து வைத்த மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டியைச் சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். மா எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ரவையைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். லவ் கேக்குக்குக் கஜு வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பருமன் கையில் இருக்கும்.

அளவைச் சொல்கிறேன். கோப்பைக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். ஒரே கோப்பையில் ஒருவர் 120 கிராம் மா அள்ளுவார், அமத்தி அள்ளுகிறவர் 150 அள்ளுவார். கோதுமை மா 180 கிராம், சோள மா 20 கிராம், இரண்டையும் அரிதட்டில் சேர்த்து அரித்துக்கொள்ளுங்கள். ஐசிங் சீனி 60 கிராம். அரைத்த கஜு 100 கிராம். பட்டர் 140 கிராம், உப்புச் சேர்த்த பட்டர் என்றால் வேறு உப்பு வேண்டாம், இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை. வனிலா ஒரு தேக்கரண்டி, அல்லது இரண்டு ஏலக்காயின் விதையை இடித்துப் போடுங்கள். எனக்கு ஏலக்காய்தான் பிடிக்கும், என் பிள்ளைகளுக்கு வனிலா. மாஜரினில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், வெக்கையில் அது பட்டரைவிட நன்றாகவே நிற்கும், ஆனால் இதில் பட்டரும் கஜுவும் தவிர வேறு ருசி ஒன்றுமில்லை. அதில் பாதியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

முட்டை கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். நத்தார் வருவது மார்கழியில், திருவெம்பாவைக் காலமும் அதே மாதம். எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் மேல் வீட்டுக்காரர் அந்தப் பத்து நாளும் மரக்கறிதான். முட்டையில்லாத தட்டை அவர்கள் வீட்டுக்கு யோசிக்காமல் கொண்டுபோகலாம். எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுப்பதென்றால் வனிலா எசன்ஸ் போத்தலின் லேபிளைப் பாருங்கள், பலவற்றில் அற்ககோல் இருக்கும். ஏலக்காய் போட்டால் அந்தக் கதையே இல்லை.

மா, சீனி, கஜு எல்லாவற்றையும் கலந்து, சீவிய பட்டரைப் போட்டுப் பிசிறி, கடைசியில் மெல்ல அமத்திச் சேர்த்தால் தண்ணீர் விடாமலே ஒன்றாகிவிடும். ஒன்று சேரவில்லையே என்று பால் தெளிக்காதீர்கள், பிஸ்கட் கல்லாகும். இன்னும் ஒரு நிமிடம் அமத்துங்கள், சேரும். ஒயில் பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். பிறகு 16 கிராம் உருண்டையாக எடுத்தால் முப்பது, முப்பத்தொன்று வரும். பிறையாக வளைப்பதென்றால் நடு தடித்து நுனி கூராக வராமல் பாருங்கள், கூர் நுனி முதலில் கருகும். பொறுமையில்லாத நாட்களில் நான் உருண்டையாகவே விட்டுவிடுவேன்.

வடிவம் செய்கிற இடம் முக்கியம். பகல் இரண்டு மணிக்குக் குசினியில், பக்கத்தில் ஓவன் எரிய எரிய இதைச் செய்ய முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்யுங்கள். அல்லது ஏசி இருக்கிற அறைக்குத் தட்டோடு போங்கள். டிசம்பரில் எங்கள் படுக்கையறைதான் என் பேக்கரி. கட்டில் முழுக்க மா என்று என் வீட்டுக்காரர் புறுபுறுப்பார், முதல் தட்டு வெளியே வந்ததும் சத்தம் நின்றுவிடும். செய்த பிறைகளைத் தட்டோடு ஃப்ரீஸரில் பதினைந்து நிமிடம் வைத்து, கல்லு மாதிரி இறுகியதும் நேரே ஓவனுக்குள். பரவாமல் காப்பதில் பாதி இந்தப் பதினைந்து நிமிடந்தான்.

இதில் நானே சறுக்கிய கதை ஒன்று. ஒரு வருடம் இருநூறு பிஸ்கட்டுக்கு ஓடர் எடுத்திருந்தேன், கையில் இருந்தது இரண்டே தட்டு. முதல் தட்டு வெளியே வந்ததும் பிஸ்கட்டை இறக்கிவிட்டு, அந்தச் சூட்டோடேயே அடுத்த பிறைகளை அடுக்கினேன். ஏழாவதை வைக்கும்போது முதலாவதைப் பார்த்தால், அடி கண்ணாடி மாதிரி மினுங்கி, இரண்டு நுனியும் தட்டோடு ஒட்டி, பிறை மெல்லச் சப்பையாகிக்கொண்டிருக்கிறது. ஓவனுக்குள் போகவே இல்லை, தட்டின் மேலேயே உருகுகிறது. அன்றிலிருந்து ஒரு தட்டு வெந்துகொண்டிருக்கும்போது மற்றதைக் குழாய்த் தண்ணீரில் காட்டித் துடைத்து ஆறவைத்துவிடுவேன். மூன்றாவது தட்டும் வாங்கிவிட்டேன்.

ஓவன் 160 பாகை, நடுத்தட்டு, 15 முதல் 18 நிமிடம். எங்களில் பலரிடம் இருப்பது மேசையில் வைக்கிற சின்ன மின் ஓவன். அதன் திருகில் 160 என்று இருப்பதை நம்பாதீர்கள், என்னுடையது 20 பாகை கூடக் காட்டும். உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று வாங்கிவைத்தால் நத்தார் கேக்குக்கும் உதவும். சின்ன ஓவனில் மேல் கம்பி மிகக் கிட்ட இருப்பதால் பத்தாவது நிமிடத்தில் மேலே ஒரு அலுமினியத் தாளைப் போட்டு மூடுங்கள். வெந்ததா என்று மேலே பார்க்காதீர்கள், மேல்பக்கம் வெளிறியேதான் இருக்கும். ஒன்றை மெல்லப் புரட்டி அடியைப் பாருங்கள். பிளேன்டீ நிறத்துக்குப் போய்விட்டால் பிந்திவிட்டது. பால் தேத்தண்ணீரில் பால் கொஞ்சம் கூடினால் வருமே, அந்த நிறம் போதும். சூட்டோடு தொட்டால் உதிரும், தட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள்.

இப்போது சீனி. வெளிநாட்டுச் செய்முறையில் சூட்டோடு சீனியில் புரட்டச் சொல்வார்கள். அங்கே குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக்குள் காற்று உலர்ந்திருக்கும், ஒட்டிய சீனி ஒட்டியபடி நிற்கும். கொழும்பில் டிசம்பரிலும் காற்றில் ஈரப்பதன் 70, 80 வீதம். சூட்டில் சீனி இளகி, காற்றின் ஈரத்தையும் குடித்து, மறுநாள் பாகாகிவிடும். அதனால் கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது அரிதட்டால் மெல்லிசாக ஒரு தூவல் மட்டும். முழுக்க ஆறவிட்டு டின்னில் போடுங்கள். வெள்ளையாகப் புரட்டும் இரண்டாம் தூவல், தட்டில் வைத்துக் கொடுக்கப் போகிற நேரத்தில். வீட்டில் சீனியை அரைத்துத் தூவாதீர்கள். கடை ஐசிங் சீனியில் கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் சோள மா சேர்த்திருப்பார்கள், வீட்டில் அரைத்ததில் அது இல்லை.

டின்னும் பார்த்து எடுக்க வேண்டும். நீலநிற வெளிநாட்டு பிஸ்கட் டின் எல்லா வீட்டிலும் இருக்கும் (பாதியில் தையல் நூல்தான் இருக்கும்), ஆனால் அதன் மூடி காற்றை உள்ளே விடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினால் இரண்டு கிழமை மொறுமொறுப்பு நிற்கும். இன்னும் முன்னதாகவே செய்ய வேண்டுமென்றால், சுட்டு வைக்காதீர்கள். வடிவம் செய்த மாவை அப்படியே ஃப்ரீஸரில் போட்டுவைத்து, 23ஆம் திகதி எடுத்துச் சுடுங்கள், இரண்டு நிமிடம் கூட வையுங்கள். மிஞ்சிய கஜுவையும் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வைக்கலாம். எடுத்ததும் பக்கெட்டைத் திறக்காமல் வெளியே வைத்து, குளிர் போன பிறகு திறந்தால் கஜு வியர்க்காது.

கச்சானில் செய்யலாமா? செய்யலாம், அதுவே தனி ருசி. ஆனால் கச்சான் பருப்பு வகை, மண்ணுக்குள் விளைவது, ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பதில் முதல் ஆள். அந்தப் பூஞ்சணம் விடுகிற நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கைப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வறுக்க வேண்டும். ஒன்று இரண்டு தானே என்று விடாதீர்கள்.

கறுவாவும் பாதாமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து ஜேர்மனியில் நட்சத்திரமாக வெட்டிச் சுடுகிற நத்தார் பிஸ்கட் ஒன்று இருக்கிறது. மா கிடையாது. அதில் மட்டும் கஜுவைப் போடாதீர்கள், களியாகி அச்சில் ஒட்டும், பாதாமேதான் வேண்டும். 2006இல் அந்த நட்சத்திரங்களில் கூமரின் (கறுவாப் பட்டையில் இயல்பாகவே இருக்கும், கூடினால் ஈரலுக்குக் கெடுதலான ஒரு பொருள்) கூடிப்போனது என்று ஜேர்மனியில் எச்சரிக்கை விட்டார்கள். காரணம் அவர்கள் போட்டது கசியா என்கிற, தடித்த பட்டையான வேறு வகைக் கறுவா. எங்கள் கறுவாவில் கூமரின் மிகச் சொற்பம். அந்த பிஸ்கட்டுக்கு ஏற்ற கறுவா எங்கள் அலுமாரியில் இருக்கிறது, அவர்கள் கடையில் தேட வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். தட்டைக் கொடுக்கும்போது "கஜு போட்டது" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், துண்டெழுதியும் வையுங்கள். கஜுவும் பிஸ்தாவும் ஒரே குடும்ப மரங்கள், ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது சாதாரணம். ஐசிங் சீனிக்குள் மறைந்திருக்கும் கஜுவைச் சின்னப் பிள்ளை கண்டுபிடிக்காது.

சரி, அந்தத் தோசைகளை எறிந்துவிடவில்லைதானே? கையால் நொறுக்கி, சொக்லட் பிஸ்கட் புடிங்கில் ஒரு அடுக்கு மாரி பிஸ்கட்டுக்குப் பதிலாகப் போடுங்கள். பாலில் தோய்க்கத் தேவையில்லை, பட்டர் ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. மேலே கொஞ்சம் வறுத்த கஜு தூவி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் எங்கே பிழைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.